தண்ணீரை மட்டுமல்ல, சேற்றையும் சோதிக்க வேண்டும்!

(எண்ணூர் வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் மீனவ மக்களும் கூடிய கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



நான் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. பத்தாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் சங்க ஆபீசிலும், ஆலை வாசலிலும், உங்களைப் போன்ற உழைப்பாளி மக்களிடமும்தான். ஆகவே இன்று பேசப்போகும் விஷயத்தையும் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை நேரம் கழிமுகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதிகாரிகள் சிலர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கரையில் நின்றபடியே கயிறு கட்டிய வாளியை வீசித் தண்ணீர் மொண்டார்கள். பாட்டிலில் ஊற்றிச் சீட்டு ஒட்டினார்கள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்து போய்விட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார் வயதான ஓர் அம்மாள். அவர் வாயில் கவ்வியிருந்த பறியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, வர்றவங்க எல்லாம் தண்ணியைத்தான் மோந்துகினு போறாங்க. நான் கையை வுட்டுத் துழாவுறது சேத்துல. இறாலு படுத்துக் கெடக்குறதும் சேத்துல. சேத்தை ஏன் ஒருத்தரும் எடுத்துகினு போவல?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு தெரிந்தவர்களைக் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன். அந்த அம்மாள் கேட்டது சரியான கேள்வி என்று இன்று உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன். அதே கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காக ஒரு ஊரே அழிந்த கதையையும் சொல்லப்போகிறேன்.

சேறு என்ன செய்கிறது?

ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம், நிக்கல் இவற்றைக் கன உலோகங்கள் என்கிறார்கள். ஆர்சனிக் என்ற பாஷாணத்தையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்துப் பேசுவார்கள். சாம்பலிலும், சாயத்திலும், தோல் பதனிடும் கழிவிலும், பாட்டரிக் கழிவிலும் இவை வருகின்றன.

இவற்றின் குணத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். செத்த மீன் அழுகிப் போகும். சாக்கடைக் கழிவைக் கிருமிகள் தின்று தீர்க்கும். கடலில் கொட்டிய எண்ணெய்கூட நாளடைவில் குறையும். உலோகம் அழுகாது, எரிந்து மறையாது. நூறு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் ஈயம் ஈயமாகவே இருக்கும். அது இடம் மாறலாம், உருவம் மாறலாம், இல்லாமல் போகாது.

அப்படியானால் தண்ணீரில் விழுந்த உலோகம் எங்கே போகிறது? களிமண் துகள் மீதும், மக்கிப்போன இலை தழை மீதும் ஒட்டிக்கொள்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடல் தண்ணீரைச் சந்திக்கும் இடத்தில் உப்பின் காரணமாக இந்தச் சின்னஞ்சிறு துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் இறங்குகின்றன. அங்கே ஓட்டமும் மெதுவாகிறது. அலையாத்தி மரங்களின் வேர்கள் வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. எல்லாக் கழிவையும் இழுத்து அடியில் உட்கார வைக்கிற இடம்தான் கழிமுகமும் சதுப்பு நிலமும்.

நம் வீட்டு ரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலக்காமல் மேலாக மொண்டால் தெளிவுதான் வரும். மண்டி முழுதும் அடியில் கிடக்கும். தெளிவை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டு, பாத்திரத்தில் மண்டியே இல்லை என்று ஒருவன் சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் வெறும் தண்ணீரைச் சோதித்துவிட்டு, “எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது” என்று எழுதிய காகிதத்தை மட்டும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்கிறோம்!

சேறு உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதே, அது நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். பாதி உண்மை. காற்றுப் புகாத கறுப்புச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வருமல்லவா? அது கந்தகத்தின் நாற்றம். அந்தக் கந்தகம் பல உலோகங்களைக் கட்டிப்போட்டு வைக்கிறது. ஆனால் அந்தப் பூட்டுக்குச் சாவி உண்டு. தூர் வாரும் இயந்திரம் வந்து கலக்கினால், சேற்றை வாரிக் கரையில் காயப்போட்டால், அமிலக் கழிவு வந்து சேர்ந்தால் பூட்டுத் திறந்துகொள்ளும். பிடிபட்டிருந்த உலோகம் மறுபடி தண்ணீருக்கு வரும்.

பூட்டுத் திறக்காமலே வெளியே வரும் வழியும் ஒன்று உண்டு. புழு சேற்றைத் தின்கிறது. இறாலும், நண்டும், மட்டியும் சேற்றிலேயே இரை தேடுகின்றன. அவற்றைக் கெளுத்தி தின்கிறது, கொக்கு தின்கிறது, நாம் தின்கிறோம். பாதரசத்தின் விஷயம் இன்னும் கொடுமை. காற்றில்லாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போகப் பல மடங்கு பெருகுகிறது. தண்ணீரில் தேடினால் அகப்படாத விஷம் தட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேறு வருஷா வருஷம் அடுக்கடுக்காகப் படிகிறது. நீளமான குழாயைச் செருகி எடுத்தால் அடுக்குகள் வரிசையாக வரும். எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று விஞ்ஞானிகளால் கணிக்க முடியும். 1963 வாக்கில் அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் விழுந்த சீசியத்தின் தடயம்கூட அதற்கு ஓர் அடையாளமாகப் பயன்படுகிறது. எந்தக் காலத்தில் எவ்வளவு ஈயம் வந்தது, எந்தக் காலத்தில் கூடியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். கம்பெனி தன் கணக்குப் புத்தகத்தைத் திருத்தலாம். சேற்றின் பேரேட்டைத் திருத்த எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது.

மினமாட்டாவின் கதை

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனிதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. ஊரில் பலர் அந்த ஆலையை நம்பியும், சுற்றியுள்ள சிற்றூர்களில் உள்ளவர்கள் வளைகுடா மீனை நம்பியும் வாழ்ந்தார்கள். 1932 முதல் அந்த ஆலை அசிடால்டிஹைட் என்ற ரசாயனத்தைத் தயாரித்தது. அதற்குப் பாதரசம் பயன்படுத்தினார்கள். கழிவு நேராக வளைகுடாவுக்குப் போயிற்று.

முதலில் பூனைகள் ஆடின. தள்ளாடித் தள்ளாடிக் கடலில் விழுந்து செத்தன. காக்கைகள் பறக்கும்போதே கீழே விழுந்தன. பிறகு மனிதர்களின் முறை வந்தது. கை நடுங்கியது, நாக்குக் குழறியது, கண்பார்வை சுருங்கியது. 1956 மே 1-ந் தேதி ஆலை ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் ஹொசோகாவா, இன்னதென்று தெரியாத நோய் பரவுவதாகச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தார். உலகத் தொழிலாளர் தினத்தில்தான் அந்த நோய் ஏட்டில் ஏறியது!

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1958 செப்டம்பரில் கழிவு வாய்க்காலைத் துறைமுகப் பக்கத்திலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்கு மாற்றியது. விளைவு, அதுவரை நோய் இல்லாத பகுதிகளிலும் நோயாளிகள் தோன்றினார்கள். 1959-ல் குமாமோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காரணம் பாதரசம் என்று சொன்னார்கள். பழைய வாய்க்காலின் வாயில் எடுத்த சேற்றில் பத்து லட்சம் பங்குக்கு 2,010 பங்கு வரை பாதரசம் இருந்தது. சேறு சாட்சி சொல்லிவிட்டது.

அதே ஆண்டு டாக்டர் ஹொசோகாவா ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. கம்பெனி அந்த உண்மையை அமுக்கியது. 1959 டிசம்பரில் ஒரு சுத்திகரிப்பு இயந்திரத்தைத் தடபுடலாகத் திறந்துவைத்தது. சுத்தமான தண்ணீர் என்று சொல்லி, கம்பெனித் தலைவர் விருந்தாளிகள் முன்னால் ஒரு குவளை குடித்தும் காட்டினார். பாதரசத்தை நீக்குவதற்காக அந்த இயந்திரம் செய்யப்படவே இல்லை என்பது பின்னால் வெளிவந்தது. தோழர்களே, அந்த ஒரு குவளைத் தண்ணீரை மறக்காதீர்கள்! தெளிந்த தண்ணீரைக் காட்டி ஜனங்களின் வாயை அடைப்பது இன்று நேற்றுத் தொடங்கிய வித்தை அல்ல.

அதே மாதக் கடைசியில் நோயாளிக் குடும்பங்களுக்கு அனுதாபப் பணம் என்று கொஞ்சம் கொடுத்து, பின்னால் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்கமாட்டோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பாதரசம் மேலும் எட்டு வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போயிற்று. 1968 மே மாதம், அந்த உற்பத்தி முறையே பழசாகிப் போன பிறகு, உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு, செப்டம்பரில்தான் ஜப்பான் சர்க்கார் ஆலைக் கழிவே காரணம் என்று ஒப்புக்கொண்டது. 1973 மார்ச்சில் நீதிமன்றம் கம்பெனிதான் பொறுப்பு என்றது. பழைய கையெழுத்துப் பத்திரமும் செல்லாது என்றது.

கழிவு நின்றதே, விஷமும் நின்றதா? இல்லை. அது சேற்றில் இருந்தது. 1977-ல் தொடங்கி 1990 வரை சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றைத் தோண்டியும் மூடியும் 58 ஹெக்டேர் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். செலவு சுமார் 4,850 கோடி யென். மீன்கள் வெளியே போகாதபடி வளைகுடாவின் வாயில் கட்டிய வலையை 1997-ல்தான் அவிழ்த்தார்கள். சர்க்கார் நோயாளிகள் என்று அங்கீகரித்தவர்கள் மட்டுமே 2,200-க்கு மேல். அவர்களில் தாயின் வயிற்றிலேயே விஷம் ஏறிப் பிறந்த குழந்தைகளும் உண்டு.

சங்கம் வெட்கப்பட்ட நாள்

இனி நமக்கு, சங்கத்துக்காரர்களுக்கு, உறைக்க வேண்டிய பகுதியைச் சொல்கிறேன்.

1959 நவம்பரில் மீனவர்கள் பொறுக்க முடியாமல் ஆலைக்குள் புகுந்தார்கள். அப்போது ஆலைத் தொழிலாளர்கள் யார் பக்கம் நின்றார்கள்? கழிவை நிறுத்தினால் ஆலை நின்றுவிடும், ஊர் பட்டினி கிடக்கும் என்று மேயரும் வியாபாரிகளும் கவர்னரிடம் மனுக் கொடுக்கப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் தொழிற்சங்கமும் சேர்ந்து போயிற்று! தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மீனவனின் உயிரை விட்டுக்கொடுத்தது.

காப்பாற்றிக்கொள்ள முடிந்ததா? 1962-ல் கூலிப் பிரச்னையில் அதே கம்பெனி அதே தொழிலாளர்கள் மீது பாய்ந்தது. சங்கத்தை இரண்டாக உடைத்தது. போராடிய பக்கத்தைப் பழிவாங்கியது. அடிபட்ட பிறகுதான் மீனவன் பட்ட அடியும் அதே கையிலிருந்து வந்தது என்று அவர்களுக்குப் புரிந்தது. 1968 ஆகஸ்டில் அந்தச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. மினமாட்டா நோய்க்கு எதிராக இத்தனை காலம் போராடாமல் இருந்தது மனிதர்கள் என்ற முறையிலும், தொழிலாளர்கள் என்ற முறையிலும் தங்களுக்கு வெட்கக்கேடு என்று அதில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. ‘வெட்கப் பிரகடனம்’ என்றே அதற்குப் பெயர்.

அவர்களை நான் பழிக்கவில்லை. தவறை ஒப்புக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும். அது அவர்களிடம் இருந்தது. ஆனால் நோய் பதிவாகி அதற்குள் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. நாம் இந்த மண்ணில் அப்படி ஒரு தீர்மானம் போட வேண்டிய நாள் வரக்கூடாது.

நம் கழிமுகம்

எண்ணூரில் மினமாட்டா வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பயமுறுத்துவது என் வேலை அல்ல. நமக்குத் தெரிந்ததை மட்டும் வரிசையாக வைப்போம்.

வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், தண்ணீரில் கரைத்த குழம்பாகக் குழாய்களில் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் வெடித்ததையும் கசிந்ததையும், சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் உப்பங்கழியிலும் படிந்ததையும் இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆழமாக இருந்த இடத்தில் இன்று முழங்கால் தண்ணீர் இருப்பதை உங்கள் படகே சொல்லும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், நிக்கல், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது உலகமறிந்த விஷயம். 2016-ல் காட்டுக்குப்பத்திலிருந்து வழக்குப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2022 ஜூலையில் தீர்ப்பாயம் கசிவை நிறுத்தவும், கெட்டுப்போன இடத்தைச் சீர்படுத்தவும் உத்தரவிட்டது. அந்த உத்தரவை வாங்கிக்கொடுத்தது மீனவ மக்களின் விடாப்பிடி.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுதும் பரவியபோது ஊர் உலகமே ஓடி வந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, கூழைக்கடாவின் சிறகு கறுத்தது. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். எண்ணெய் மிதக்கும், ஆகவே படம் பிடிக்கலாம். உலோகம் அடியில் உட்காரும். அதைப் படம் பிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் கொண்டுவருவதற்குத்தான் சங்கம் வேண்டும், ஸ்தாபன பலம் வேண்டும்.

ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இது மீனவர் பிரச்னை, நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலை 2001-ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 தொழிலாளர்களின் விஷயத்தில் கம்பெனி உடன்படிக்கைக்கு வந்தது 2016-ல். பதினைந்து வருஷம் அவர்கள் தெருவில் நின்றார்கள். விஷம் வாய்க்காலுக்குப் போவதற்கு முன்னால் தொழிலாளியின் கை வழியாகவும், மூச்சு வழியாகவும்தான் போகிறது.

“மீன் விற்காதே, தோழர்!”

இப்படி நான் ஒரு குப்பத்தில் பேசியபோது ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: “அண்ணே, நீங்க விஷம் விஷம்னு பேசிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு மார்க்கெட்ல என் கூடையை எவன் தொடுவான்?”

நியாயமான கேள்வி. மினமாட்டாவிலும் மீன் விலைபோகவில்லை. நோய் வந்த குடும்பங்கள் அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து நோயையே மறைத்தார்கள். அந்த மறைப்பினால் லாபம் அடைந்தது யார்? கம்பெனிதான்! மீனவனுக்கு மீனும் போயிற்று, உடம்பும் போயிற்று.

ஆகவே சோதனையும் நஷ்டஈடும் ஒன்றாக வர வேண்டும். கூடை விலைபோகாத நாளின் கூலியை, சேற்றைக் கெடுத்தவன் கட்ட வேண்டும். சோதனையில் நல்ல மீன் என்று தெரிந்தால் அதுவும் நமக்குத்தான் லாபம். அந்தக் காகிதத்தைக் காட்டித் தலை நிமிர்ந்து விற்கலாம். உண்மை தெரியாத வரைக்கும் வதந்திதான் விலையைத் தீர்மானிக்கும்.

நம் கோரிக்கைகள்

ஒன்று: தண்ணீரோடு சேற்றையும் சோதிக்க வேண்டும். குழாய் கசியும் இடம், கழிவு விழும் இடம், பெண்கள் இறங்கி இறால் பிடிக்கும் இடம் மூன்றிலும் எடுக்க வேண்டும். மேல்சேறு மட்டும் போதாது. குழாய் செருகி அடி அடுக்கு வரை எடுக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். எடுக்கும்போது மீனவர் பிரதிநிதி கூட நிற்க வேண்டும்.

இரண்டு: இறால், நண்டு, மட்டி, மடவை ஆகியவற்றையும் சோதித்து, முடிவுகளைத் தமிழில் எழுதி ரேஷன் கடை வாசலிலும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்ட வேண்டும். நம் சேற்றைப் பற்றிய ரிப்போர்ட் நமக்குத் தெரியாமல் எந்த அலமாரியிலும் பூட்டிக்கிடக்கக் கூடாது.

மூன்று: சேற்றைச் சோதிக்காமல் தூர் வாரக் கூடாது. வாரிய சேற்றை அலையாத்தி மேலும், ஊருக்குப் பக்கத்திலும் கொட்டக் கூடாது. எங்கே தோண்டுவது, எங்கே தொடாமல் மூடுவது என்பதை நிபுணர்கள் ஜனங்களின் முன் விளக்கிச் சொல்லட்டும்.

நான்கு: ஆலைக்குள் கசிவைக் கண்டு சொல்லும் தொழிலாளிக்கு, அவர் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும், வேலைப் பாதுகாப்பு வேண்டும். சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்கும், சாம்பலில் வேலை செய்பவர்களுக்கும் ஒரே முகாமில் ரத்தமும் சிறுநீரும் இலவசமாகச் சோதிக்க வேண்டும்.

தோழர்களே! எந்தக் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது, எந்த வால்வை இரவில் திறக்கிறார்கள் என்பது உள்ளே வேலை செய்யும் தொழிலாளிக்குத் தெரியும். எந்த இடத்தில் சேறு நிறம் மாறியது, எந்த வருஷம் மட்டி மறைந்தது என்பது வெளியே இருக்கும் மீனவப் பெண்ணுக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் இதுவரை ஒன்றையொன்று சந்தித்ததில்லை. சந்திக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் சிலருடைய லாபம் இருக்கிறது.

இன்று இந்தப் பந்தலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். பெரிய காகிதம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். ஆற்றையும் கழியையும் அதில் வரைவோம். தொழிலாளர்கள் குழாய்களைக் குறியுங்கள். தாய்மார்கள் சேற்றைக் குறியுங்கள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நாம் எல்லோருமாக அதிகாரியின் மேஜைக்குப் போவோம்.

அடுத்த முறை ஜீப் வந்து நிற்கும்போது, பாட்டிலோடு மண்வெட்டியும் இறங்க வேண்டும். அந்த அம்மாளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அதுதான். அதைத் தனியாக என்னால் சொல்ல முடியாது; நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.